டார்க் மோடில் படம் கெட்டுப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

நான் பராமரிக்கும் ஆவணத் தளத்தில் டார்க் மோட் பட்டன் வைத்து மூன்று நாள்கூட ஆகவில்லை. "நிறுவும் வழிமுறைப் பக்கத்தில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன, உள்ளே ஒன்றுமே எழுதவில்லையே, வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுத்து இருந்தது. வெள்ளைப் பெட்டிக்குள் வெளிர்சாம்பல் எழுத்து. பட்டன் வைத்த நாள் முழுக்க நான் சோதித்தது பத்திகளையும் அட்டவணைகளையும்தான். படங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இதே மாதிரிப் புகார்கள் நிறையப் பார்த்துவிட்டேன். அறிகுறி பலவிதம், காரணம் சிலவே. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் படத்துக்கு என்ன ஆயிற்றோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் இரண்டு கேள்விகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

நிறத்தில் கை வைக்கும் முன் இரண்டு கேள்வி

முதல் கேள்வி: படம் பக்கத்துக்குள் எப்படி வந்திருக்கிறது? ஐஎம்ஜி டேக் வழியாக வந்ததா, எஸ்விஜி (கோடு, எழுத்து எல்லாவற்றையும் குறியீடாகவே எழுதிவைக்கும் பட வடிவம்) குறியீடு அப்படியே ஹெச்டிஎம்எல்லுக்குள் இன்லைனாகக் கிடக்கிறதா, ஆப்ஜெக்ட் அல்லது ஐஃப்ரேமுக்குள் உட்கார்ந்திருக்கிறதா, இல்லை எழுத்தில் சொன்னதைப் படமாக்கும் மெர்மெய்ட் மாதிரி ஸ்கிரிப்ட் ஒன்று பக்கம் திறந்த பிறகு வரைகிறதா? படத்தின் மேல் வலது கிளிக் செய்யுங்கள். படத்தைப் புதிய டேபில் திறக்கும் வசதி மெனுவில் வந்தால் பெரும்பாலும் ஐஎம்ஜி. வராவிட்டால் இன்ஸ்பெக்ட் செய்து, எந்த டேக் என்று பார்த்துவிடுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், ஐஎம்ஜிக்குள் இருக்கும் எஸ்விஜி தனி உலகம். பக்கத்தின் சிஎஸ்எஸ் அதற்குள் நுழையாது, அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடாது, வெளியிலிருந்து எழுத்துருகூட வராது. இது தெரியாமல் ஸ்டைல்ஷீட்டில் விதி மேல் விதியாக எழுதி மண்டையை உடைத்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு முழு மாலை உடைத்துக்கொண்டவன்தான்.

இரண்டாவது கேள்வி: "இப்போது இருட்டு" என்று முடிவு செய்வது யார்? இயங்குதளமா, தளத்தின் பட்டனா? ப்ரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம் என்ற மீடியா குவெரி (சூழலைப் பார்த்து விதியை இயக்கும் சிஎஸ்எஸ் நிபந்தனை) கேட்பது இயங்குதளத்தை (அல்லது பிரவுசர் அமைப்பை). தளத்தின் பட்டனை அது கண்டுகொள்ளாது. பட்டன் செய்வதெல்லாம் ஹெச்டிஎம்எல் அல்லது பாடி டேக்கில் ஓர் அடையாளம் வைப்பது மட்டுமே. ஆவணத் தளம் உருவாக்கும் கருவிகளில், டாக்குசாரஸ் ஹெச்டிஎம்எல் டேக்கில் டேட்டா-தீம் என்று வைக்கும். எம்கேடாக்ஸ் மெட்டீரியல் பாடியில் டேட்டா-எம்டி-கலர்-ஸ்கீம் என்று வைத்து, இருட்டுக்கு ஸ்லேட் என்ற மதிப்பைத் தரும். வைட்பிரஸ் ஹெச்டிஎம்எல் டேக்கில் டார்க் என்ற கிளாஸைச் சேர்க்கும். ஸ்ஃபிங்ஸின் ஃப்யூரோ தீம் பாடியில் டேட்டா-தீம் வைக்கும், ஆனால் அதற்கு லைட், டார்க், ஆட்டோ என மூன்று நிலைகள்.

ஆக, இயங்குதளம் இரண்டு நிலை, தளம் இரண்டு நிலை, மொத்தம் நான்கு சேர்க்கை. நான்கிலும் படத்தைப் பார்த்தால்தான் சோதித்ததாக அர்த்தம். இதற்காக ஒவ்வொரு முறையும் கணினியின் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் ரெண்டரிங் பேனலுக்குப் போனால் ப்ரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீமை மட்டும் பொய்யாக மாற்றிக் காட்டலாம். ஃபயர்ஃபாக்ஸில் இன்ஸ்பெக்டரின் ரூல்ஸ் பகுதியிலேயே சூரியன், நிலா என்று இரண்டு பட்டன்கள் இருக்கும்.

பெட்டி இருக்கிறது, எழுத்தைக் காணோம்

எனக்கு வந்த முதல் புகார் இதுதான். மெர்மெய்டில் வரைந்த படமென்றால் பெட்டிகளுக்கு நிறம் சொல்லும் கிளாஸ்டெஃப் அல்லது ஸ்டைல் வரியைத் தேடுங்கள். யாரோ ஒருவர் "இந்தப் பெட்டி முக்கியம்" என்று காட்ட ஃபில் (உள்நிறம்) மதிப்பாக வெள்ளையையோ இளமஞ்சளையோ கொடுத்திருப்பார். எழுத்தின் நிறத்தைக் கொடுத்திருக்க மாட்டார். லைட் தீமில் எழுத்து இயல்பாகவே #333 என்ற அடர்சாம்பல், அதனால் அழகாகத் தெரிந்திருக்கும். டார்க் தீமுக்கு மாறியதும் மெர்மெய்ட் எழுத்தை வெளிர்சாம்பலாக்கிவிடும். பெட்டியின் வெள்ளை மட்டும் கையால் எழுதப்பட்டது என்பதால் அப்படியே நிற்கும். எழுத்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 204 என்ற சாம்பலாக இருந்தால், வெள்ளைமேல் அதன் கான்ட்ராஸ்ட் விகிதம் 1.6-க்கு 1. படிக்கிற எழுத்துக்கு டபிள்யூசிஏஜி (இணைய அணுகல்தன்மை வழிகாட்டி) கேட்பது குறைந்தது 4.5.

மருந்து எளிது. ஃபில் கொடுத்த ஒவ்வொரு கிளாஸ்டெஃப்பிலும் கலர் என்ற மதிப்பையும் சேர்த்துக் கொடுங்கள், கூடவே ஸ்ட்ரோக்கையும் (ஓரக்கோட்டின் நிறம்). இளமஞ்சள் பெட்டி என்றால் கலர் #222. அப்போது தீம் எதுவானாலும் அந்தப் பெட்டி தன் எழுத்தோடு சேர்ந்தே இருக்கும். பின்னணியைப் பிடித்துவைத்தவர் எழுத்தையும் பிடித்துவைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டையுமே தீமிடம் விட்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் நான் பார்த்த மெர்மெய்ட் புகார்களில் பாதிக்குக் காரணம்.

எழுத்து, பெட்டி எல்லாம் சரி, ஆனால் பக்கத்தில் உள்ள பத்துப் படங்களில் ஒன்று மட்டும் லைட் தீமிலேயே நிற்கிறது என்றால், அந்தப் படத்தின் முதல் வரியைப் பாருங்கள். ஆன்லைன் எடிட்டரில் வரைந்து ஒட்டிய படங்களில் இனிட் என்ற உத்தரவு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அதில் தீம் டிஃபால்ட் என்று இருக்கும். படத்துக்குள் எழுதிய தீம், தளம் சொல்லும் தீமைத் தோற்கடித்துவிடும். வரியை அழித்தால் போதும்.

கோடும் எழுத்தும் இருட்டில் கரைந்துவிட்டன

பின்னணி இல்லாத பிஎன்ஜி அல்லது எஸ்விஜி, அதில் கறுப்புக் கோடுகள். வெள்ளைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த படம். டாக்குசாரஸின் இருட்டுப் பின்னணி 27, 27, 29 என்ற நிறம். அதன் மேல் #333 கோடு வைத்தால் விகிதம் 1.4கூட வராது. திரையைச் சாய்த்துப் பார்த்தால்தான் ஏதோ இருப்பதே தெரியும்.

இன்லைன் எஸ்விஜியாக இருந்தால் வேலை சுலபம். ஃபில், ஸ்ட்ரோக் இரண்டிலும் கறுப்பு இருக்கும் இடங்களில் கரன்ட்கலர் என்று போட்டுவிட்டால், சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தையே படமும் எடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு கண்ணி உண்டு. எஸ்விஜியில் ஃபில் எதுவும் சொல்லாத டெக்ஸ்ட் உறுப்பு இயல்பாகவே கறுப்பு. கறுப்பைத் தேடி மாற்றும்போது இவை தேடலில் சிக்காது, ஏனென்றால் அங்கே கறுப்பு என்று எழுதியே இருக்காது. கிராஃப்விஸ் (எழுத்தில் சொன்னதைப் படமாக்கும் இன்னொரு கருவி) கொடுக்கும் எஸ்விஜியில் எழுத்துகள் எல்லாம் இந்த ரகம்தான். கோடு வெளுத்துவிட்டது, எழுத்து மட்டும் காணவில்லை என்றால் இதுவே காரணம். டெக்ஸ்ட் உறுப்புக்குத் தனியாக ஒரு விதி எழுதுங்கள்.

ஐஎம்ஜியாக இருந்தால் கரன்ட்கலர் உதவாது. உள்ளே வெளியுலகத்தின் எழுத்து நிறம் தெரியாததால் கறுப்பாகவே விழும். அங்கே உள்ள வழிகளை நான் முயலும் வரிசையில் சொல்கிறேன்.

இரண்டு படம் வைப்பதுதான் எனக்குப் பிடித்தது. லைட்டுக்கு ஒன்று, டார்க்குக்கு ஒன்று. டாக்குசாரஸில் தீம்டுஇமேஜ் என்ற காம்பொனென்ட் இதற்காகவே இருக்கிறது. எம்கேடாக்ஸ் மெட்டீரியலில் படத்தின் முகவரிக்குப் பின்னால் ஹேஷ் போட்டு ஒன்லி-லைட், ஒன்லி-டார்க் என்று சேர்க்கலாம். ஃப்யூரோவில் அதே பெயரில் கிளாஸ்கள் உள்ளன. வரைகிறவருக்கு வேலை இரட்டிப்பாகும், உண்மைதான். அதைவிடப் பெரிய தொல்லை, ஆறு மாதம் கழித்து ஒரு படத்தைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவது. மூலக்கோப்பு ஒன்றாக இருந்து, இரண்டு படங்களும் பில்ட் நேரத்தில் தானாகப் பிறக்கும்படி செய்தால் தப்பித்தீர்கள்.

இரண்டாவது வழி, படத்துக்குப் பின்னால் வெள்ளை வைப்பது. ஐஎம்ஜிக்கு வெள்ளைப் பின்னணி, கொஞ்சம் பேடிங், வளைந்த மூலை. அவ்வளவுதான். பலர் இதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இருபது நிறங்கள் உள்ள ஒரு கட்டமைப்புப் படத்தை டார்க்குக்கு மாற்றிக் கெடுப்பதைவிட, ஓரத்தில் மூச்சுவிட இடம் வைத்து வெள்ளைத்தாளில் ஒட்டிக்கொடுப்பது நேர்மையான வேலை.

மூன்றாவது, இரண்டு பின்னணியிலும் பிழைக்கும் ஒரே நிறம். நடுச்சாம்பல் #808080, வெள்ளைமேல் ஏறத்தாழ 3.9, டாக்குசாரஸ் இருட்டின் மேல் ஏறத்தாழ 4.3. கோடு, அம்பு, பெட்டி ஓரம் போன்றவற்றுக்கு டபிள்யூசிஏஜி கேட்பது 3 மட்டுமே, அதனால் கோடுகளுக்கு இது தாராளம். எழுத்துக்குப் போதாது. வேறு சாம்பலைத் தேடினாலும் கிடைக்காது: வெள்ளைமேல் 4.5 வரும் அளவுக்கு அடர்த்தியாக்கினால், அந்த இருட்டின் மேல் 4.5-ஐவிடக் கீழே இறங்கிவிடும். பின்னணி சுத்தக் கறுப்பாக இருந்தால் மட்டும் #767676 இரண்டு பக்கமும் மயிரிழையில் தேறும். சுத்தக் கறுப்பை வைக்கும் ஆவணத் தளங்கள் அபூர்வம். அதனால் கோட்டை நடுச்சாம்பலாக்கி, எழுத்தை மட்டும் தன் பின்னணியோடு ஒரு பெட்டிக்குள் வைப்பது நல்ல சமரசம்.

பக்கம் வெளிச்சம், படம் மட்டும் இருட்டு (அல்லது நேர்மாறாக)

"வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது, அதுவும் என் கணினியில் மட்டும்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் நான் முதலில் கேட்பது: உங்கள் கணினி டார்க் மோடில் இருக்கிறதா, எங்கள் தளத்தை மட்டும் லைட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறீர்களா? அநேகமாக ஆமாம் என்பார்.

இங்கே படம் கேட்பது இயங்குதளத்தை, பக்கம் கேட்பது பட்டனை. இரண்டு எஜமானர்கள். மூன்று வழிகளில் இது நுழைகிறது. ஒன்று, பிக்சர் டேக்கில் மீடியா குவெரி வைத்து இரண்டு படம் கொடுத்திருப்பது. பட்டனே இல்லாத தளத்துக்கு அது பிரமாதம், பட்டன் உள்ள தளத்துக்கு ஆகாது. இரண்டு, எஸ்விஜிக்குள்ளேயே ஸ்டைல் வைத்து அதில் மீடியா குவெரி எழுதியிருப்பது. ஐஎம்ஜிக்குள்ளும் அது வேலை செய்யும், அதனால்தான் பலருக்குப் பிடிக்கிறது. மூன்று, நீங்கள் எதுவுமே செய்யாமல், படம் வரையும் செயலியான டிரா.ஐஓ செய்திருப்பது. அதன் புதிய பதிப்புகள் எஸ்விஜியாக ஏற்றுமதி செய்யும்போது ஒவ்வொரு நிறத்தையும் லைட்-டார்க் என்ற சிஎஸ்எஸ் ஃபங்ஷனுக்குள் இரட்டையாக எழுதி, கலர்-ஸ்கீமாக லைட் டார்க் இரண்டையும் அறிவித்துவிடும். கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் உடனே தெரியும். பழைய கோப்பில் ஸ்ட்ரோக் கறுப்பு என்று ஒரு வரி இருந்த இடத்தில், இப்போது கறுப்பும் வெள்ளையும் அருகருகே அடைப்புக்குள் நிற்கும்.

டிரா.ஐஓவில் ஏற்றுமதி செய்யும்போது தோற்றத்தைத் தானியங்கியில் விடாமல் லைட் என்று தேர்ந்தெடுங்கள், டார்க்குக்கு இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிக்சர் டேக்கை எடுத்துவிட்டு, இரண்டு ஐஎம்ஜிகளை வைத்து, தளத்தின் டேட்டா-தீமைப் பார்த்து ஒன்றை மறையுங்கள். பட்டன் அழுத்தும்போது ரூட் உறுப்பின் கலர்-ஸ்கீம் மதிப்பையும் லைட் அல்லது டார்க் என்று மாற்றுவது நல்ல பழக்கம். சில பிரவுசர்கள் அதைப் பார்த்து ஐஎம்ஜிக்குள் உள்ள எஸ்விஜியின் மீடியா குவெரிக்குப் பதில் சொல்கின்றன. எல்லாப் பிரவுசரும், எல்லாப் பதிப்பும் அப்படி இல்லை என்பதால் அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

லைட்-டார்க் ஃபங்ஷனை நீங்களே இன்லைன் படங்களில் பயன்படுத்த நினைத்தால் ஒரு குறிப்பு. அது குரோம் 123, ஃபயர்ஃபாக்ஸ் 120, சஃபாரி 17.5 முதல் இருக்கிறது. கலர்-ஸ்கீமில் லைட் டார்க் இரண்டையும் அறிவிக்காவிட்டால் எப்போதும் முதல் நிறத்தையே தரும். "ஃபங்ஷன் வேலையே செய்யவில்லை" என்று சொல்பவர்களில் அநேகர் இந்த ஒரு வரியை விட்டவர்கள்தான்.

ஃப்யூரோ பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. டேட்டா-தீம் டார்க் என்ற நிலைக்கு மட்டும் விதி எழுதினால், பட்டனைத் தொடாமல் ஆட்டோவில் இருப்பவர்களுக்கு அது போய்ச் சேராது. அவர்களுக்காக, மீடியா குவெரிக்குள், டேட்டா-தீம் லைட் அல்லாத பாடிக்கு என்று அதே விதியை இன்னொரு முறை எழுத வேண்டும்.

இருட்டுக்கு நடுவே கண்ணைக் கூசும் வெள்ளைப் பலகை

கிராஃப்விஸ் படத்தின் கீழே வெள்ளைப் பலகோணம் ஒன்றை வரைந்துவிடும். பிஜிகலர் மதிப்பை டிரான்ஸ்பரன்ட் ஆக்கினால் போகும். அதே ரகக் கருவியான பிளான்ட்யூஎம்எல்லில் ஸ்கின்பாரம் பேக்ரவுண்ட்கலர் டிரான்ஸ்பரன்ட் என்று எழுத வேண்டும். அல்லது கட்டளை வரியில் டார்க்மோட் என்ற ஆப்ஷனைக் கொடுத்து இருட்டுப் பதிப்பையே தனியாக எடுக்கலாம். வெள்ளையை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் "கோடும் எழுத்தும் இருட்டில் கரைந்துவிட்டன" என்ற அறிகுறியில் போய் நிற்பீர்கள்: பலகை போய்விடும், கறுப்புக் கோடும் கூடவே போய்விடும்.

ஸ்ஃபிங்ஸில் கிராஃப்விஸ் படங்கள் இயல்பாக பிஎன்ஜியாக வரும். எஸ்விஜிக்கு மாற்ற கான்ஃபிக்கில் ஒரு வரி போதும். ஆனால் அதை ஆப்ஜெக்ட் டேக்குக்குள்தான் வைக்கும். அதுவும் தனி உலகமே, உங்கள் சிஎஸ்எஸ் உள்ளே போகாது.

ஐஃப்ரேமுக்குள் இருக்கும் படம் பின்னணியே இல்லாதது, இருந்தும் வெள்ளைப் பலகை தெரிகிறது என்றால் காரணம் வேறு. தாய்ப்பக்கத்தின் கலர்-ஸ்கீம் டார்க், உள்ளே இருக்கும் பக்கத்தின் கலர்-ஸ்கீம் லைட் என்று முரண்பட்டால், உள்ளே உள்ள எழுத்து படிக்க முடியாமல் போகக்கூடாதே என்று பிரவுசர் தானாகவே ஒரு வெள்ளைப் பின்னணியைப் போடும். எந்த ஸ்டைல்ஷீட்டில் தேடினாலும் அந்த வெள்ளை கிடைக்காது. உள்ளே இருப்பது இரண்டு நிலைக்கும் தயார் என்றால் அதன் மெட்டா டேக்கில் கலர்-ஸ்கீம் அறிவியுங்கள். உள்ளே கை வைக்க முடியாது என்றால், வெளியே ஐஃப்ரேம் உறுப்புக்கு மட்டும் கலர்-ஸ்கீம் லைட் என்று கொடுங்கள். முரண்பாடு போனதும் வெள்ளையும் போய்விடும். ஆனால் உள்ளே கறுப்பு எழுத்து என்றால் அந்த வெள்ளை உங்களுக்கு நல்லதைத்தான் செய்துகொண்டிருந்தது.

பட்டனை அழுத்தினால் படம் அசையவில்லை, ரீலோட் செய்தால் மாறுகிறது

மெர்மெய்டின் இயல்பு இது. பக்கம் திறந்தபோது எந்தத் தீமோ அதில் ஒருமுறை வரைந்துவிட்டு, மூல எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் எஸ்விஜியை வைத்துவிடும். "இது முடிந்தது" என்று டேட்டா-ப்ராசஸ்டு அடையாளத்தையும் ஒட்டிவிடும். பட்டன் அழுத்தியபின் நீங்கள் ரன் ஃபங்ஷனை மறுபடி அழைத்தாலும், அடையாளத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகும்.

முதல் முறை வரைவதற்கு முன்பே ஒவ்வொரு படத்தின் மூல எழுத்தையும் எடுத்து ஒரு மேப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தீம் மாறும்போது எழுத்தைத் திரும்ப வைத்து, டேட்டா-ப்ராசஸ்டு அடையாளத்தை நீக்கி, புதிய தீமோடு இனிஷியலைஸ் செய்து, பிறகு ரன். இந்த வரிசை தவறக்கூடாது. எழுத்தைத் திரும்ப வைக்காமல் ஓடவிட்டால், எஸ்விஜிக்குள் இருக்கும் சொற்களையே படத்தின் மூலம் என்று நினைத்துப் பிழைச்செய்தி காட்டும். டாக்குசாரஸின் அதிகாரபூர்வ மெர்மெய்ட் தீமில் இதெல்லாம் தானாக நடக்கும், லைட்டுக்கும் டார்க்குக்கும் எந்தத் தீம் என்று கான்ஃபிக்கில் சொன்னால் போதும்.

"சிஎஸ்எஸ் மாறிகளைத் தீம்வேரியபிள்ஸில் கொடுத்துவிட்டால் மறுபடி வரையவே வேண்டாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அது ஹெக்ஸ் நிறங்களை மட்டுமே ஏற்கும். ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறங்களைக் கணக்குப் போட்டு எடுப்பதால், ரெட் என்ற பெயர்கூட அதற்குப் புரியாது. அதோடு, பேஸ் என்ற தீமில் மட்டுமே அந்த மாற்றங்கள் செல்லும்.

கோடு மாறியது, அம்புமுனை மாறவில்லை

எஸ்விஜியில் அம்புமுனை மார்க்கர் என்ற தனி உறுப்பு. கோட்டின் நிறம் அதற்கு வராது. தான் எழுதப்பட்டிருக்கும் இடத்திலிருந்துதான் அது நிறத்தை எடுக்கும். மார்க்கருக்குள் உள்ள பாத்துக்கும் கரன்ட்கலர் கொடுங்கள். புதிய பிரவுசர்களில் கான்டெக்ஸ்ட்-ஸ்ட்ரோக் என்ற மதிப்பு கோட்டின் நிறத்தையே பிடித்துக்கொள்ளும்.

அதையும் செய்தாயிற்று, இன்னும் தவறான நிறம் என்றால் ஐடி மோதலைப் பாருங்கள். ஒரே கருவியிலிருந்து வந்த இரண்டு இன்லைன் படங்களில் மார்க்கரின் ஐடி ஒன்றாகவே இருக்கும். பிரவுசர் பக்கத்தில் முதலில் வரும் ஐடியைத்தான் எடுக்கும். லைட் படம், டார்க் படம் இரண்டையும் இன்லைனாக வைத்து ஒன்றை மறைத்திருந்தால், டார்க் படத்தின் கோடுகளுக்கு லைட் படத்தின் கறுப்பு முனை வந்து ஒட்டும். கிரேடியன்ட்டுக்கும் இதே கதைதான். ஐடிகளுக்கு முன்னொட்டு சேர்த்தால் தீர்ந்தது.

சிஎஸ்எஸ் எழுதியும் எதுவும் நடக்கவில்லை

ஃபில் என்பது அட்ரிபியூட்டாக இருந்தால் எந்தச் சாதாரண விதியும் அதை வெல்லும். ஸ்டைல் அட்ரிபியூட்டுக்குள் இருந்தால் இம்பார்ட்டன்ட் இல்லாமல் வெல்லாது. மெர்மெய்ட் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தன் ஐடியோடு ஸ்டைல் வைப்பதால், உங்கள் கிளாஸ் விதி அதனிடம் தோற்கும். அங்கேயும் இம்பார்ட்டன்ட் தேவைப்படும்.

இன்னொன்று: மெர்மெய்டின் ஃப்ளோசார்ட் எழுத்துகள் பார்க்க எஸ்விஜி மாதிரி இருந்தாலும், இயல்பாக ஃபாரின்ஆப்ஜெக்ட்டுக்குள் உள்ள ஹெச்டிஎம்எல். ஃபில் அவற்றைத் தொடாது, கலர்தான் தொடும். இதன் மறுபக்கம், ஆவணத்தின் பத்திகளுக்கு நீங்கள் எழுதிய எழுத்து நிறம், சொல்லாமல் கொள்ளாமல் படத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

எம்கேடாக்ஸ் மெட்டீரியலில் மெர்மெய்ட் படங்கள் ஷேடோ டாமுக்குள் (பக்கத்திலிருந்து பிரித்துவைத்த பகுதி) இருக்கும். எந்த செலக்டரும் உள்ளே போகாது, சிஎஸ்எஸ் மாறிகள் மட்டும் போகும். எம்டி-மெர்மெய்ட் என்று தொடங்கும் மாறிகளை ஸ்லேட் நிலைக்குக் கீழே மாற்றி எழுதுவதே வழி.

என் கணினியில் சரி, தளத்தில் ஏற்றியபின் கெட்டுவிட்டது

பில்டில் எஸ்விஜிஓ (எஸ்விஜி கோப்பைச் சுருக்கும் கருவி) ஓடுகிறதா என்று பாருங்கள். கறுப்பு ஃபில் உள்ள உறுப்புகளைப் பிடிக்க #000000 என்ற அட்ரிபியூட் செலக்டர் எழுதியிருப்பீர்கள். எஸ்விஜிஓ அதை #000 என்று சுருக்கும். அதோடு, கறுப்பு எப்படியும் இயல்பு மதிப்புதானே என்று அந்த அட்ரிபியூட்டையே துடைத்தும் விடும். பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. நிறத்தை வைத்து உறுப்பைத் தேடாமல், கிளாஸ் வைத்துத் தேடுங்கள். கிராஃப்விஸில் கிளாஸ் என்ற அட்ரிபியூட்டை மூலத்திலேயே கொடுக்கலாம், எஸ்விஜியில் அது அப்படியே வரும்.

தலைகீழாக்கினேன், நிறங்கள் விசித்திரமாகிவிட்டன

இன்வர்ட் ஃபில்டரோடு ஹியூ-ரொட்டேட் 180 பாகை சேர்த்தால் கறுப்பு வெள்ளையாகும், நிறங்கள் தத்தம் இடத்தில் நிற்கும் என்பது எல்லாரும் சொல்லும் குறுக்குவழி. பாதிதான் உண்மை. ஹியூ-ரொட்டேட் ஒரு நேர்கோட்டுக் கணக்கு, கண் பார்க்கும் விதத்தை அது பின்பற்றுவதில்லை. சுத்தச் சிவப்பு 255, 146, 146 என்ற ரோஜா நிறமாக வெளியே வரும். சுத்த நீலம் ஏறக்குறைய வெள்ளையான ஊதாவாகிவிடும். பச்சையோ அடர்ந்துவிடும். "சிவப்பு அம்பு தோல்வி, பச்சை அம்பு வெற்றி" என்று கீழே எழுதியிருந்தால், படிப்பவர் ரோஜா அம்பைப் பார்த்து விழிப்பார். புகைப்படமோ லோகோவோ உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கறுப்பு-வெள்ளைக் கோட்டுப்படத்துக்கு, அதிலும் மூலக்கோப்பு தொலைந்துபோன பழைய ஜேபெக்குக்கு, இது அருமையான மருந்து. இன்வர்ட் மட்டும் போட்டால் வெள்ளைப் பின்னணி சுத்தக் கறுப்பாகி, அடர்சாம்பல் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கூடவே மிக்ஸ்-பிளெண்ட்-மோட் ஸ்கிரீன் கொடுங்கள். கறுப்பு மறைந்து, வெள்ளைக் கோடு மட்டும் பக்கத்தின்மேல் நிற்கும். கட்டம் அப்படியும் போகவில்லை என்றால், படத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு டிவில் டிரான்ஸ்ஃபார்ம் அல்லது ஒபாசிட்டி இருந்து, படம் பக்கத்தின் பின்னணியோடு கலக்கவிடாமல் தடுக்கிறது.

ஒரே ஒருவருக்கு மட்டும் கெடுகிறது

நான்கு சேர்க்கையிலும் பார்த்துவிட்டீர்கள், எல்லாம் சரி, ஆனாலும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். டார்க் ரீடர் மாதிரி நீட்சி ஏதாவது வைத்திருக்கிறாரா, கைபேசி பிரவுசரில் எல்லாத் தளங்களையும் வலுக்கட்டாயமாக இருட்டாக்கும் அமைப்பை இயக்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். உங்கள் தளம் ஏற்கெனவே இருட்டு, அதை இன்னொருவர் மறுபடி இருட்டாக்குகிறார். தளத்துக்கே டார்க் மோட் உண்டு என்றால், டார்க் ரீடருக்கு அதன் லாக் மெட்டா டேக்கை வைத்துச் சொல்லிவிடலாம்.

அச்செடுத்தால் கோடு இல்லை

டார்க் மோடில் இருந்தபடியே அச்சு கொடுத்தால், பிரவுசர் வழக்கம்போல் பின்னணியை விட்டுவிட்டு வெளிர்நிறக் கோடுகளை வெள்ளைத் தாளில் அச்சிடும். தளத்தின் டேட்டா-தீம் அடையாளம் அச்சு நேரத்திலும் மாறாது. பிரின்ட் மீடியா குவெரிக்குள் லைட் படத்தைக் காட்டி, டார்க் படத்தை மறைக்கச் சொல்லுங்கள். இன்லைன் படங்களுக்கு எழுத்து நிறத்தைக் கறுப்பாக்கினால் கரன்ட்கலர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மெர்மெய்ட் ஏற்கெனவே இருட்டில் வரைந்து முடித்துவிட்டதால், அதற்கு மட்டும் அச்சில் ஓர் அடர்ந்த பின்னணி கொடுத்து, பிரின்ட்-கலர்-அட்ஜஸ்டை எக்ஸாக்ட் என்று வைத்துவிடுவேன். மை கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.